புள்ளி வைக்காத கேன்

கார் ஷெட்டைக் கூட்டப் போன ஹம்ஸா, தரையில் கிடந்த சொட்டுகளைப் பார்த்துவிட்டு விளக்குமாறும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். சொட்டுகள் சிவப்பாக இருந்தன. கோழி அறுத்த இடத்தைக் கழுவாமல் விட்டது மாதிரி முற்றிய சிவப்பு.

காலையில் அதே இடத்தில் சொட்டியது மஞ்சள்.

மஞ்சளுக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். அப்பா வரதராஜ் ஒரு பழைய பியட் கார் வைத்திருந்தார். இராஜபாளையத்தில் சர்ஜிகல் பேண்டேஜ் துணி தயாரிக்கும் சின்ன யூனிட் அவருக்குப் பிழைப்பு. பியட் அவருக்குப் பெருமை. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான் வேண்டும் என்று சுற்று வட்டாரத்தில் கேட்டு வருவார்கள். நாளைக்குச் சாயங்காலமும் ஒரு மாப்பிள்ளை அதில் ஏற வேண்டும். இந்த நேரம் பார்த்து ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது. அப்பா நேரே அடுப்படிக்கு வந்து, அஞ்சறைப் பெட்டியில் இருந்த மஞ்சள் தூளை ஒரு கை அள்ளிக்கொண்டு போய் ரேடியேட்டருக்குள் போட்டார். பழைய வண்டிக்காரர்களின் கை வைத்தியம் அது. தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், பட்டறை போய்ச் சேரும்வரை தாங்கும்.

மஞ்சள் போட்ட தண்ணீர் மஞ்சளாகத்தான் சொட்ட வேண்டும். இது ஏன் சிவந்தது?

துருவாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இரண்டு வீச்சு கூட்டினாள். மூன்றாவது வீச்சுக்குக் கை ஓடவில்லை. போன மாதம் அத்தை மகள் கல்யாணத்தில் ஆரத்தி கரைத்தது அவள்தான். தாம்பாளத்தில் மஞ்சளைக் கரைத்து, அம்மா கொடுத்த சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டதும் தண்ணீர் குப்பென்று சிவந்தது. "காரம் பட்டா மஞ்ச செவக்கும்டி, இது தெரியாதா" என்று அம்மா சிரித்தாள். அம்மா இப்போது மகாராஜபுரத்தில் சித்தியின் வளைகாப்பில் இருக்கிறாள்.

காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். சுண்ணாம்பும் காரம்தான். இந்த வீட்டில் சுண்ணாம்பை விடப் பெரிய காரம் ஒன்று இருந்தது.

ஹம்ஸா தன் வலது கை விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள். மதியத்திலிருந்தே வழுவழுவென்று இருந்தது. எத்தனை தரம் கழுவியும், சோப்பை அலசாமல் விட்டது போலப் போகவே இல்லை. மதியம் அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. 

மதியம் நடந்தது இதுதான். அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் நிஜாம் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஏட்டி ஹம்ஸா, ரேடியேட்டருக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்து. போர்த் தண்ணி ஊத்திராத, உப்பு அடிச்சிரும். காருக்குன்னு கேன்ல எழுதிப் போட்டிருக்கான் மொக்கைச்சாமி, அதை எடுத்துக்க."

மொக்கைச்சாமி யூனிட்டில் துணி வெளுக்கிறவர். எந்தக் கேனில் என்ன இருக்கிறது என்று மார்க்கர் பேனாவால் எழுதி வைப்பது அவர் வேலை. எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். ஒரே ஒரு குறை, மனிதர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார். "படிக்கிறவனுக்குத் தெரியாதாக்கும், நாம வேற புள்ளி வச்சுக்கிட்டு" என்பார். அவர் எழுதிய 'பஞ்சு மூட்டை'யைப் 'பஞசு மூடடை' என்று உரக்கப் படித்து ஹம்ஸா அவரைக் கேலி செய்திருக்கிறாள்.

யூனிட் வாசலில் ஒரு வெள்ளைக் கேன் இருந்தது. அதில் 'காரததணணி' என்று எழுதியிருந்தது. இருக்க வேண்டிய புள்ளிகளை ஹம்ஸாவே மனதில் வைத்துக்கொண்டாள். கார்த்தண்ணி. தூக்கிக்கொண்டு போய் ஊற்றினாள். கேன் பாதிக்கு மேல் காலியானது. அப்பா மூடியைத் திருகிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இப்போது விளக்குமாற்றைப் போட்டுவிட்டு யூனிட்டுக்கு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லை. காலையில் மொக்கைச்சாமி வந்து வெளுக்கிற அறையின் தரையைக் கழுவிவிட்டுப் போயிருந்தார். கழுவுவதற்காக உள்ளே இருந்த சாமான்களை வாசலில் எடுத்து வைத்திருக்கிறார். வாளி, மூங்கில் கழி, ரப்பர் கையுறை, அவற்றுக்குப் பக்கத்தில் அவள் எடுத்த அந்தக் கேன். சுவரோரம், எப்போதும் இருக்கும் மூலையில், இன்னொரு வெள்ளைக் கேன். அதிலும் அதே குண்டு எழுத்து. காரததணணி.

இரண்டும் ஒரே எழுத்து. ஒன்றில் 'ர'வுக்குப் புள்ளி வைத்துப் படிக்க வேண்டும், அது காருக்கு ஊற்றுகிற தண்ணீர். மற்றதில் புள்ளி இல்லாமல் படிக்க வேண்டும், அது காரத்தண்ணி. காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர். பேண்டேஜ் துணியில் உள்ள கஞ்சியையும் அழுக்கையும் எடுப்பதற்காக அண்டாவில் கொதிக்க வைப்பது.

முத்துப்பேச்சியின் வலது கண்ணைக் கொண்டுபோனதும் அதுதான்.

முத்துப்பேச்சி யூனிட்டில் துணி மடிக்கிற அக்கா. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு துளி தெறித்தது, அவ்வளவுதான். பதறிப்போன யாரோ தாய்ப்பால் விடச் சொன்னார்கள், யாரோ விளக்கெண்ணெய் விடச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று தெரிந்தபோது நேரம் போய்விட்டிருந்தது. இப்போதும் அக்கா பேசும்போது அந்தக் கண் பால் கட்டின இளநீர் மாதிரி ஹம்ஸாவையே பார்க்கும்.

அப்பா கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வந்து சேர்ந்தார். ஹம்ஸா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

"நிஜாம் பார்த்தானாப்பா?"

"பாத்தான். கீழ செவப்பா சொட்டுதுல்ல, அதப் பாத்துட்டு, 'என்ன மொதலாளி, வண்டிக்கு வெத்தல பாக்கு போட்டு விட்டீங்களா'ங்கான். துரு பிடிச்சு எஞ்சின் உள்ள செத்துக் கெடக்கும்னு பயங்காட்டுதான். ஏ, போலே, அறுவத்து நாலு மாடலு, அலுமினிய ஹெட்டு, அம்புட்டு லேசுல சாகாதுன்னேன்."

"மூடியத் தொறந்தாரா?"

"சூடா இருந்துச்சு. சூட்டுல தொறந்தா மூஞ்சியில அடிச்சிரும்லா. ஆறட்டும்னு போட்டுட்டு வந்தோம். ஒனக்கு என்னட்டி திடீர்னு ரேடியேட்டர் மேல அக்கற?"

"சும்மாதான்."

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாய் சோற்றுக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் சொல்லியிருக்கலாம். ஆனால் முத்துப்பேச்சி கண் போன அன்றைக்கு அப்பா யூனிட் வாசலில் நின்று சொன்னதும் அவளுக்கு நினைவு வந்தது. "இனி அந்தக் கேனு இந்த ரூம விட்டு வெளிய வந்துச்சுன்னா, கொண்டு வந்தவன் வேற யூனிட்டு பாத்துக்க வேண்டியதுதான்." மொக்கைச்சாமிக்கு மூன்று பிள்ளைகள். தவிர, அவள் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். துருவாகவே இருக்கலாம். தப்பாக இருந்தால் நல்லது, தப்பாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் விரல்கள் வழுக்கின.

அப்பா பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

ஹம்ஸா வேதியியல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிளஸ் டூ. அலுமினியத் துண்டை சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டால் ஹைட்ரஜன் வரும். லேபில் டெஸ்ட் ட்யூபில் அவளே செய்து பார்த்திருக்கிறாள். துண்டு கரைகிறவரை குமிழி நிற்கவே நிற்காது. அன்றைக்கு ட்யூபின் வாயைக் கட்டைவிரலால் மூடிப் பார்த்தாள். உள்ளே சேர்ந்த காற்று விரலைத் தூக்கிக்கொண்டு வந்தது.

அலுமினிய ஹெட்டு. அதைச் சுற்றிவரும் ரேடியேட்டர் தண்ணீர், அதன் வாய்க்கு மூடி. ஓட்டையில் மஞ்சள் அடைப்பு.

அப்போதுதான் முழுப் பயமும் அவளுக்குப் பிடிபட்டது. சூடாக இருக்கிற ரேடியேட்டரை எந்த மெக்கானிக்கும் வெறுங்கையால் திறக்க மாட்டான். ஈரச் சாக்கைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு திறப்பான். ஆறிய ரேடியேட்டருக்கு யாரும் அதைச் செய்வதில்லை. குனிந்து, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே மூடியைத் திருகுவார்கள். இந்த ரேடியேட்டர் ஆற ஆறக் காற்றடைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

நிஜாம் வேறு யாரோ இல்லை. அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் ரமீஜாவின் அப்பா.

ரமீஜாவுக்குப் போன் போட்டாள். போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு, வாயை போனில் ஒட்டி வைத்துக்கொண்டு.

"ஏட்டி, தூங்கிட்டியா?"

"எங்க தூங்க, பிசிக்ஸு தின்னுட்டு இருக்கு. என்னட்டி ரகசியம் பேசுத? எவனாச்சும் லெட்டர் குடுத்தானா?"

"ரமீஜா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"சொல்லு, சொல்லு. இதுக்குத்தான் முழிச்சிருக்கேன்."

ஹம்ஸா சொன்னாள். கேன், புள்ளி, சிவப்பு, முத்துப்பேச்சி, டெஸ்ட் ட்யூப் எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. ரமீஜா முதலில் சிரித்தாள். "வண்டிக்கு ஆரத்தி எடுத்துட்டியாட்டி" என்றாள். பிறகு சிரிக்கவில்லை.

"எங்க அத்தாட்ட சொன்னியா?"

"இல்ல. அதுக்குத்தான் ஒனக்குப் போட்டேன். காலைல தொறக்கறதுக்கு முன்னாடி அவியட்ட சொல்லிரு. நான்னு சொல்லாத. ஏதாச்சும் சொல்லி—"

"காலைலயா? ஏட்டி, அத்தா இப்பதான பட்டறைக்குப் போனாக. நாளைக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வேணும்னு ஒங்க அப்பாதான சொல்லிட்டுப் போனாரு. ராத்திரியே கழட்டி ஓட்டையப் பத்த வச்சாத்தான் ஆகும்னு டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டாக."

போர்வைக்குள் மூச்சு முட்டியது. ஹம்ஸா போர்வையை விலக்கினாள். பக்கத்து அறையில் குறட்டை ஒரு முறை நின்று மறுபடி தொடங்கியது.

"நம்பர் குடு."

நிஜாம் உடனே எடுத்தார். பின்னால் உலை ஊதுகிற ப்ளோயர் இரைந்துகொண்டிருந்தது.

"மாமா, நான் ஹம்ஸா பேசுதேன். ரமீஜா ஃபிரெண்டு. வரதராஜ் மக."

"யாரு? சத்தமாப் பேசு தாயி, கேக்கல."

சத்தமாகப் பேச முடியாது. சத்தமாகப் பேசினால் அப்பா எழுந்துவிடுவார். "எங்க கார் ரேடியேட்டரு மாமா. அதுல காரத்தண்ணி இருக்கு."

"என்னது இருக்கு?"

"காரத்தண்ணி."

"காருத் தண்ணியா? காருக்குள்ள தண்ணி இல்லாம மோரா தாயி இருக்கும்?" நிஜாம் சிரித்தார். "எல்லாத்தயும் எறக்கிட்டுத்தான் பத்த வைப்பேன், ஒங்க அப்பாவ நிம்மதியாத் தூங்கச் சொல்லு. இந்நேரத்துக்குப் புள்ளையப் போன் பண்ண விட்டுட்டு. வைக்கேன், கையெல்லாம் கிரீசு."

"மாமா, அது இல்ல—"

வைத்துவிட்டார்.

மறுபடி போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள். கிரீஸ் கையோடு ஒரு தடவைதான் எடுப்பார்கள் போல. காஸ்டிக் என்று சொல்லியிருக்கலாம் என்பது இப்போதுதான் உறைத்தது. ரேடியேட்டர் பட்டறைக்காரருக்குக் காஸ்டிக் தெரியாமல் இருக்காது. ஒரே ஒரு வார்த்தை. அவள் மொக்கைச்சாமியின் வார்த்தையையே சொன்னாள், அதையும் ரகசியமாகச் சொன்னாள்.

ரமீஜாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"சொல்லிட்டியா?"

"அவியளுக்கு விளங்கல. எடுக்க மாட்டேங்காக. ரமீஜா, பட்டறை எம்புட்டு தூரம்?"

"ரெண்டு தெரு. அம்மா கடையநல்லூர் போயிருக்காக, நான் மட்டுந்தான்—" பேச்சு நின்றது. கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. "போறேன். நீ வைக்காத. கட் பண்ணாத."

அதற்கப்புறம் போனில் ரமீஜாவின் செருப்புச் சத்தம் மட்டுமே வந்தது. ஓடுகிறாள். எங்கோ ஒரு நாய் குரைத்தது, பின்னாலேயே வந்தது போலச் சத்தம் அருகில் கேட்டது. "சீ, போ" என்று ரமீஜா அழுதுகொண்டே விரட்டினாள். ஒரு பைக் கடந்து போனது. செருப்புச் சத்தம் நின்று வெறுங்காலின் தப் தப் மட்டும் கேட்டது. செருப்பை உதறிவிட்டாள் போல. ஹம்ஸா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு கிலோமீட்டர் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி ஓடுவதைக் கேட்பது எத்தனை கொடுமை என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தன் கால்களும் தரையில் அடித்துக்கொள்வதை அவள் கவனிக்கவில்லை.

ப்ளோயர் சத்தம் மெல்ல மெல்லப் பெரிதானது.

"அத்தா. அத்தா, அதத் தொறக்காதீக."

ப்ளோயர் எல்லாவற்றையும் விழுங்கியது. நிஜாமின் குரல் ஏதோ கேட்டது.

"ரமீஜா, காஸ்டிக்குன்னு சொல்லு" என்று ஹம்ஸா சொன்னாள். கேட்டிருக்காது. எழுந்து நின்றாள். "காஸ்டிக்குன்னு சொல்லு. காஸ்டிக். மூடியில கைய வைக்க வேண்டாம்னு சொல்லு."

வீடு முழுக்கக் கேட்டது அது. பக்கத்து அறையில் குறட்டை நின்றது. விளக்குப் போடும் சத்தம், அப்பாவின் காலடி.

"அத்தா, அதுல காஸ்டிக் இருக்காம்" என்று போனுக்குள் ரமீஜா கத்தினாள்.

"என்ன டிக்கு?" என்றார் நிஜாம், சிரிப்பும் எரிச்சலுமாக.

பிறகு ஒரு சத்தம் வந்தது. கோலி சோடா உடைக்கிற சத்தம், ஆனால் பெரிதாக, நீளமாக. ஏதோ ஒரு தகரம் போய்ச் சுவரில் அடித்து விழுந்தது. நிஜாம் கத்தவில்லை. "யா அல்லாஹ்" என்று மூச்சுக்குள் சொன்னது மட்டும், ப்ளோயர் இரைச்சலையும் மீறித் தெளிவாகக் கேட்டது.

கதவில் அப்பா நின்றிருந்தார். வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி. "என்னட்டி காஸ்டிக்கு? யாருக்கு?"

"அப்பா, ரேடியேட்டர்ல நான் ஊத்துனது காரத்தண்ணி. கேன் மாறிருச்சு. நிஜாம் மாமா மேல அடிச்சிருச்சு."

அடி விழும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கினார்.

"யாரு, ரமீஜாவா? நான் வரதராஜ் பேசுதேன். அழாத. கேளு. அங்க ஹோஸ் பைப் இருக்கா? தண்ணியத் தொறந்து விடு. கண்ணுல விடு. அவன் வேண்டாம்னு சொன்னாலும் கைய எடுத்துட்டு விடு. வேற ஒண்ணும் போடக் கூடாது. எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்லி எவனாச்சும் வருவான், எண்ணெ விடச் சொல்லி வருவான், ஒருத்தனயும் கிட்ட விடாத. தண்ணி மட்டுந்தான். நிப்பாட்டாம ஊத்து. நான் வாரேன்."

போனை ஹம்ஸாவிடம் திருப்பிக் கொடுத்தார். சட்டையை மாட்டப் போய்ப் பித்தானை மாற்றிப் போட்டார். அப்பா இப்படித் தடுமாறி அவள் பார்த்ததில்லை. அதைப் பார்த்தபோது, அடி விழுந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்பா ஹம்ஸாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கைக் கிளப்பினார். ஹம்ஸா போனைக் காதில் அழுத்தி வைத்திருந்தாள். காற்று இரைச்சலுக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கிறவரை ரமீஜா ஊற்றிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். நடுவில் ஒருமுறை சத்தம் நின்றது.  "டேங்க்குல தண்ணி தீந்துருச்சு, குடத்துல மொண்டு ஊத்துதேன்" என்று ரமீஜாவின் குரல் வந்தது. அது தோழியோடு பேசுகிற பேச்சில்லை. முன்பின் தெரியாத யாரோடோ பேசுகிற பேச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"எப்பத் தெரிஞ்சுச்சு ஒனக்கு?"

"சாயங்காலம்."

"சாப்பாடு போடும்போது தெரியுமா?"

"தெரியும்ப்பா."

 பைக்கின் வேகம் கூடியது.

அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் நிஜாம் ஒரு பெஞ்சில் தலையை அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கழுத்தின் இடது பக்கம் காதுவரை வெந்து சிவந்திருந்தது. இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. மகளின் குரல் கேட்டு வாசல் பக்கம் திரும்பின அந்தக் கணத்தில், கையில் பாதி திருகியிருந்த மூடி பறந்திருக்கிறது. திரும்பாமல் இருந்திருந்தால் முழு முகத்திலும் அடித்திருக்கும். ரமீஜா சுவரில் சாய்ந்து நின்றாள். சுடிதார் நனைந்து காலில் ஒட்டியிருந்தது. ஹம்ஸாவைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

நைட் டியூட்டி டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் காட்டி, நல்ல கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னார். நிஜாம் இமையை விரலால் பிரித்துக்கொண்டு பார்த்தார்.

"படிங்க பாய்."

"படிக்கத் தெரியாது டாக்டர்."

"எழுத்து தெரியலையா?" டாக்டரம்மா குரல் மாறியது. ஹம்ஸா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுத்து என்னமோ தெரியுது. புகைக்குள்ள நிக்கிற மாதிரி. ஆனா அது இங்கிலீஷுல்லா. அது கண்ணுக் கோளாறு இல்ல, பள்ளிக்கூடக் கோளாறு."

நர்ஸ் சிரித்தாள். அப்பாவின் வாய் சிரிப்பதற்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்தது. ரமீஜா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"நல்லாக் கழுவியிருக்கீங்க, அதான் இந்த மட்டும் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஆனா காரம் உள்ள எறங்கிக்கிட்டே இருக்கும். நான் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டேன், போச்சுன்னும் சொல்ல மாட்டேன். உடனே மதுரைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. போற வழியெல்லாம் இந்த சலைன் பாட்டில்கள ஊத்திக்கிட்டே போங்க, நிக்கக் கூடாது."

அப்பா போன் போட்டு ஒரு டாக்ஸியை வரவழைத்தார். பின் சீட்டில் நிஜாமைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் ரமீஜா ஏறினாள். ஹம்ஸா வெளியே நின்றாள்.

"நீ பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போ" என்றார் அப்பா. "ஒங்க சித்தி வீட்டுக்குப் போன் பண்ணு, அம்மாவ வரச் சொல்லு."

"நானும் வாரேன்ப்பா."

"வேண்டாம்."

"வரட்டும் மொதலாளி" என்றார் நிஜாம், தலையை அண்ணாந்தபடியே. "எம் மக இமையப் பிடிச்சுக்கிட்டா ஊத்துறதுக்கு ஒரு ஆள் வேணும்லா. தண்ணி ஊத்துறதுலதான் அந்தப் புள்ள பெரிய ஆளாச்சே."

 அது வேடிக்கையா, குத்தா என்று ஹம்ஸாவுக்குப் புரியவில்லை. இரண்டும்தான் போல. ஏறிக்கொண்டாள். ரமீஜா நகர்ந்து இடம் விடவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை.

வண்டி கிளம்பியது. கிருஷ்ணன்கோவில் தாண்டுகிறவரை ரமீஜாவே இரண்டு வேலையும் செய்தாள். ஒரு கையால் இமையைப் பிரித்து, ஒரு கையால் ஊற்றினாள். வண்டி குலுங்கியபோது பாதி கன்னத்தில் வழிந்தது. பாட்டில் தீர்ந்தது. அடுத்த பாட்டிலை எடுத்தவள், அதை ஹம்ஸாவின் மடியில் வைத்தாள். இரண்டு கையாலும் அத்தாவின் இமையைப் பிரித்துப் பிடித்தாள். கண் செக்கச் செவேலென்று இருந்தது. நடுவில் லேசாக ஒரு புகைப் படலம். அது முத்துப்பேச்சியின் கண்ணைப் போல இளநீர் மாதிரி ஆகிவிடுமா, ஆகாதா என்று அந்த இருட்டில் சொல்ல முடியவில்லை.

ஹம்ஸா பாட்டிலின் மூடியைத் திருகினாள். ஊற்றப் போன கை நின்றது. நர்ஸ் கொடுத்த பாட்டில், சீல் பிரிக்காத பாட்டில். தெரியும். ஆனாலும் முன் சீட்டில் இருந்த அப்பாவிடம் போனின் டார்ச்சைப் போடச் சொன்னாள். மேலே ஒட்டியிருந்த காகிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். திரும்ப ஒருமுறை படித்தாள். முகர்ந்து பார்த்தாள். இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். விரல் ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்ததால் அதை நம்ப முடியவில்லை.

"ஊத்துட்டி" என்றாள் ரமீஜா. குரல் உடைந்திருந்தது. "எரியுதுங்காக."

ஹம்ஸா தலையை அண்ணாந்து, தன் இடது கண்ணை அகலத் திறந்து, அதில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. சில்லென்று இருந்தது, கன்னம் வழியாகக் கழுத்துக்கு வழிந்தது. காத்திருந்தாள். எரியவில்லை.

பிறகு குனிந்து அவர் கண்ணில் ஊற்றினாள்.